சோழமண்டலம் கலைஞர் கிராமம்: கைவினை தந்த படைப்பூக்கம்

சோழமண்டலம் கலைஞர் கிராமம் என்பது சென்னைக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஈஞ்சம்பாக்கத்தில் உள்ள ஓவியர், சிற்பியர் குடியிருப்பு ஆகும். ஓவியர் கே. சி. எஸ். பணிக்கர் (1911–1977) தலைமையில், அவருடைய மாணவர்களும் சக கலைஞர்களும் சேர்ந்து 1966ஆம் ஆண்டில் இதனை நிறுவினர். பத்திக் துணி முதலிய கைவினைப் பொருட்களைத் தாங்களே செய்து விற்று, அந்தப் பணத்தில் நிலம் வாங்கி, வீடு கட்டிக்கொண்டு அவர்கள் குடியேறினர். தென்னிந்தியாவின் நவீன ஓவிய, சிற்ப மரபு இன்று 'சென்னைக் கலை இயக்கம்' என்று அழைக்கப்படுகிறது. அந்த இயக்கத்தின் முக்கிய மையமாக இக்கிராமம் விளங்கியது.

இந்தக் கிராமத்தைப் பற்றிப் பேசும்போது, கைவினை கலைஞர்களுக்குச் சோறு போட்டது என்பது மட்டுமே பெரும்பாலும் சொல்லப்படுகிறது. அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. துணியும் மெழுகும் செப்புத் தகடும் அவர்களுடைய கண்ணையும் கையையும் மாற்றின. ஓவியத்தில் கோட்டுக்கு வந்த முதன்மைக்கும், சிற்பம் தகட்டில் உருவெடுத்ததற்கும் கைவினையோடு கொண்ட அந்த உறவு ஒரு முக்கியக் காரணம். வயிற்றுப்பாட்டுக்காகத் தொடங்கிய வேலை எவ்வாறு படைப்பூக்கத்தின் ஊற்றாகவும் ஆயிற்று என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

பெயர்

தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையை ஐரோப்பியர் 'கோரமண்டல்' என்று அழைத்தனர். சோழமண்டலம் என்ற பெயர் அவர்கள் நாவில் திரிந்து அவ்வாறு ஆயிற்று என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. அந்தக் கடற்கரையிலேயே அமைந்த தங்கள் குடியிருப்புக்குக் கலைஞர்கள் பழைய பெயரையே வைத்துக்கொண்டனர். ஐம்பொன் திருமேனிகளுக்குப் பெயர் பெற்ற சோழர் காலக் கலையையும் அந்தப் பெயர் நினைவூட்டுகிறது.

பின்னணி: சென்னைக் கலைப் பள்ளி

இக்கிராமத்தின் வேர் சென்னைப் பெரியமேட்டில் உள்ள கலைப் பள்ளியில் இருக்கிறது. 1850ஆம் ஆண்டில் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் அதனைத் தொடங்கினார். சில ஆண்டுகளில் அது அரசின் பொறுப்புக்கு வந்தது. இன்று அது அரசு கவின்கலைக் கல்லூரி என்ற பெயரில் இயங்குகிறது.

தொடக்கத்தில் இப்பள்ளியின் நோக்கம் ஓவியர்களை உருவாக்குவது மட்டுமன்று. மண்பாண்டம், உலோக வேலை, மர வேலை போன்ற தொழில்களும் அங்கே கற்பிக்கப்பட்டன. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆல்பிரட் சாட்டர்டன் அங்கே அலுமினியப் பாத்திரம் செய்யும் முயற்சியைத் தொடங்கினார். தென்னிந்தியச் சமையலறைகளுக்கு அலுமினியம் வந்த கதையில் இந்தக் கலைப் பள்ளிக்கும் இடம் உண்டு. சுத்தியல் சத்தமும் வண்ணத் தூரிகையும் ஒரே வளாகத்தில் இருந்த பள்ளி அது.

1929ஆம் ஆண்டில் வங்கத்தைச் சேர்ந்த சிற்பி தேவி பிரசாத் ராய் சவுத்ரி பள்ளியின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். சென்னை மெரினாக் கடற்கரையில் உள்ள உழைப்பாளர் சிலை அவர் செய்தது. அவர் காலத்தில் தனிப்பட்ட கலைஞனின் ஓவியமும் சிற்பமும் முதன்மை பெற்றன. 1957இல் அவர் ஓய்வு பெற்றதும் பணிக்கர் அப்பொறுப்புக்கு வந்தார்.

பணிக்கரும் அவர் முன் நின்ற கேள்வியும்

பணிக்கர் கோயம்புத்தூரில் பிறந்தவர். தந்தித் துறையிலும் பின்னர் காப்பீட்டு முகவராகவும் வேலை பார்த்துவிட்டு, 25 வயதளவில்தான் சென்னைக் கலைப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். பிழைப்புக்கு ஒரு வேலை, மனத்துக்கு ஒரு வேலை என்ற இரட்டை வாழ்க்கையின் சுமை அவருக்குச் சொந்த அனுபவத்திலேயே தெரியும். 1944இல் அவர் முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தொடங்கினார். 1954இல் ஐரோப்பா சென்று தம் ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தார்.

1950களின் இறுதியிலும் 1960களின் தொடக்கத்திலும் பணிக்கர் முன் இரண்டு கேள்விகள் இருந்தன. முதலாவது, தாம் பயிற்றுவித்த இளைஞர்கள் கல்லூரியை விட்டு வெளியே போனதும் எப்படிப் பிழைப்பார்கள் என்பது. அன்றைய சென்னையில் நவீன ஓவியத்தை விலை கொடுத்து வாங்குவோர் மிகச் சிலர். கலைக்கூடங்கள் இல்லை என்றே சொல்லலாம். விளம்பர நிறுவனத்திலோ பள்ளிக்கூடத்திலோ கைத்தறி வடிவமைப்பு மையத்திலோ வேலை கிடைத்தால் அதிர்ஷ்டம். கிடைக்காவிட்டால் தூரிகையை மூட்டை கட்டி வைத்துவிட வேண்டியதுதான். நன்கு பயின்ற ஒரு தலைமுறையே வேறு வேலைக்குப் போய்க் காணாமற் போகக்கூடிய நிலை அது.

இரண்டாவது, தங்கள் ஓவியம் யாருடைய மொழியில் பேசுகிறது என்ற கேள்வி. எண்ணெய் வண்ணமும் சட்டமிட்ட திரைச்சீலையும் ஐரோப்பாவிலிருந்து வந்தவை. பாரிசிலும் நியூயார்க்கிலும் நடப்பதைப் பார்த்து வரைந்தால் அது நகல் ஆகிவிடும். அஜந்தாவைப் பார்த்து வரைந்தாலும் நகல்தான். நவீனமாகவும் இருக்க வேண்டும், இந்த மண்ணிலிருந்தும் முளைக்க வேண்டும் என்றால் எங்கே தொடங்குவது?

இவ்விரு கேள்விகளும் வெவ்வேறானவை போலத் தோன்றினாலும், இரண்டுக்கும் விடை தேடிய இடம் ஒன்றே ஆயிற்று. அது கைவினை.

கைவினைச் சங்கமும் கிராமத்தின் தோற்றமும்

பணிக்கரும் மாணவர்களும் சேர்ந்து கலைஞர் கைவினைச் சங்கம் என்ற அமைப்பை உருவாக்கினர். நாளின் ஒரு பகுதியைக் கைவினைப் பொருள் செய்வதற்கு ஒதுக்குவது, எஞ்சிய நேரத்தில் யாருடைய தலையீடும் இன்றிச் சொந்த ஓவியத்தையும் சிற்பத்தையும் செய்வது என்பது அதன் அடிப்படை எண்ணம். ஓவியம் விற்றாக வேண்டும் என்ற நெருக்கடி இல்லாவிட்டால், வாங்குவோர் விருப்பத்துக்காக அதை வளைக்க வேண்டியதில்லை. பானையோ துணியோ விற்றால் போதும். ஓவியம் தன் விருப்பம் போல் வளரலாம்.

பத்திக் துணிகள் நன்றாக விற்றன. அந்த வருமானத்தைக் கொண்டு ஈஞ்சம்பாக்கத்தில் ஏறத்தாழ 10 ஏக்கர் கடலோர நிலம் வாங்கப்பட்டது. அன்று அது நகரத்தை விட்டு ஒதுங்கிய வெறும் மணற்பரப்பு. முதலில் கீற்றுக் கொட்டகைகளும், பிறகு படிப்படியாக வீடுகளும் பட்டறைகளும் காட்சிக்கூடமும் எழுந்தன. பணிக்கர் 1967இல் கல்லூரிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், 1977இல் மறையும் வரை இக்கிராமத்தோடு இணைந்தே வாழ்ந்தார்.

பத்திக்: மெழுகு கற்பித்த பாடம்

பத்திக் என்பது மெழுகைத் தடுப்பாகப் பயன்படுத்தித் துணியில் சாயம் ஏற்றும் முறை. சொல் சாவகத் தீவிலிருந்து வந்தது. 1927இல் இரவீந்திரநாத் தாகூர் சாவகம், பாலித் தீவுகளுக்குச் சென்று வந்தபின் இக்கலை சாந்திநிகேதனில் பயிலப்பட்டு, இந்தியாவில் கலைக்கல்வியின் ஒரு பகுதியாயிற்று. தமிழகத்தில் மெழுகைக் கொண்டு சாயம் தடுக்கும் முறை கலம்காரித் துணிகளிலும் பழங்காலத்திலேயே இருந்ததால், இங்கே அது முற்றிலும் அந்நியமான வேலை அன்று.

வேலை நடக்கும் முறை இது. வெள்ளைத் துணியில், வெள்ளையாகவே இருக்க வேண்டிய இடங்களை உருகிய மெழுகால் மூடுவார்கள். பிறகு துணியை மஞ்சள் போன்ற வெளிர்ச் சாயத்தில் முக்குவார்கள். மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாது. உலர்ந்ததும், மஞ்சளாகவே இருக்க வேண்டிய இடங்களை மெழுகால் மூடிவிட்டுச் சிவப்பில் முக்குவார்கள். அடுத்து சிவப்பை மூடிவிட்டுக் கறுப்பிலோ கருநீலத்திலோ முக்குவார்கள். இறுதியில் துணியைக் கொதிநீரில் இட்டால் மெழுகு முழுவதும் உருகிப் பிரிந்துவிடும். அடுக்கடுக்காக மறைந்திருந்த நிறங்கள் எல்லாம் ஒருசேர வெளிப்படும். மெழுகு இளகிவிடக் கூடாது என்பதால் சாயம் சூடில்லாததாக இருக்க வேண்டும். தேன்மெழுகு துணியோடு வளைந்து கொடுக்கும். பாரஃபின் மெழுகு எளிதில் நொறுங்கும். இரண்டையும் எந்த அளவில் கலப்பது என்பதைப் பொறுத்து, துணியைக் கசக்கும்போது மெழுகில் விரிசல் விழும். அந்த விரிசலுக்குள் சாயம் புகுந்து, நரம்பு போன்ற மெல்லிய கோடுகள் தோன்றும்.

ஓவியம் கற்ற ஒருவருக்கு இந்த வேலை சில பாடங்களைக் கட்டாயமாகக் கற்றுத் தரும்.

முதலாவது, தலைகீழாகச் சிந்திப்பது. எண்ணெய் வண்ண ஓவியத்தில் கடைசியாக ஒரு வெள்ளைத் துளியை வைத்து ஒளியைக் கொண்டுவரலாம். பத்திக்கில் ஒளி முதலிலேயே முடிவாகிவிட வேண்டும். எது வெளிச்சமாக எஞ்சப் போகிறது என்பதைத் துணி வெள்ளையாக இருக்கும்போதே பார்க்கத் தெரிய வேண்டும்.

இரண்டாவது, தயங்காத கோடு. உருகிய மெழுகு தூரிகையில் நெடுநேரம் நிற்காது. கை நின்றால் மெழுகு ஓரிடத்தில் பரவிக் கறையாகிவிடும். மெதுவாக இழுத்தால் மெழுகு ஆறித் துணிக்குள் இறங்காது. கோட்டை ஒரே மூச்சில் இழுக்க வேண்டும். அழிப்பானுக்கு அங்கே வேலை இல்லை. அரிசி மாவை விரல்களுக்கிடையே ஒழுகவிட்டுக் கம்பிக் கோலம் போடுபவர்களுக்கு இந்தக் கை வேகம் தெரியும்.

மூன்றாவது, தட்டையான பரப்பை ஏற்றுக்கொள்வது. ஐரோப்பியப் பயிற்சி ஒளி நிழலால் கனத்தைக் காட்டும். பத்திக் துணியில் அது எளிதன்று. கோடும் தட்டையான நிறமும்தான் அங்கே பேச வேண்டும். சென்னைக் கலை இயக்கத்தைப் பற்றி எழுதுவோர் அனைவரும் முதலில் குறிப்பிடும் பண்பு கோட்டின் முதன்மை. கோயில் சுவரோவியமும் கோலமும் இந்தப் பண்புக்குத் துணை நின்றன. நாள்தோறும் மெழுகுக் கோடு இழுத்த கையின் பழக்கத்தையும் அவற்றோடு சேர்த்தே எண்ண வேண்டும்.

செப்புத் தகடு: கவசத்திலிருந்து சிற்பம்

கைவினைக்கும் கலைக்கும் உள்ள உறவு மிகத் தெளிவாகத் தெரியும் இடம் இந்த இயக்கத்தின் உலோகச் சிற்பம்.

தமிழகக் கோயில்களில் கருங்கல் மூலவருக்கு வெள்ளியாலோ செம்பாலோ செய்த கவசம் சார்த்தும் வழக்கம் உண்டு. கவசம் வார்ப்பு வேலை அன்று. அது தகட்டு வேலை. குங்கிலியமும் செங்கற்பொடியும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய அரக்குப் படுகையின் மேல் தகட்டை வைத்து, மழுங்கிய உளியாலும் சுத்தியலாலும் பின்புறமிருந்து தட்டிப் புடைக்கச் செய்வார்கள். பிறகு முன்புறம் திருப்பிக் கண், புருவம், நகை முதலிய நுட்பங்களைச் செதுக்குவார்கள். தட்டத் தட்டச் செம்பு இறுகும். இறுகியதும் நெருப்பில் காய்ச்சி இளக்கி மீண்டும் தட்ட வேண்டும். அவசரப்பட்டால் தகடு கிழிந்துவிடும்.

சிற்பி பி. வி. ஜானகிராம் (1930–1995) இந்தக் கவச மரபைக் கூர்ந்து பார்த்தார். செப்புத் தகட்டை வெட்டி, தட்டி, கம்பிகளைப் பற்றவைத்து, முன்பக்கத்திலிருந்து பார்ப்பதற்கென்றே அமைந்த உருவங்களை உருவாக்கினார். அவற்றில் இந்து சமயத் தெய்வங்களும் உண்டு, ஏசுநாதரும் உண்டு. சிற்பம் என்றால் சுற்றி வந்து பார்க்கத்தக்க திரண்ட வடிவம் என்பது அன்று கல்லூரிகளில் பயின்ற ஐரோப்பிய இலக்கணம். கோயிலில் நிற்பவருக்கோ தெய்வம் முன்னால் மட்டுமே காட்சி தருகிறது. எதிரே நின்று கண்ணோடு கண் பார்ப்பதே அங்கே அனுபவம். ஜானகிராமின் தகட்டுச் சிற்பங்கள் அந்த அனுபவத்தை நவீனச் சிற்பத்துக்குள் கொண்டுவந்தன.

பணிக்கரின் மகன் எஸ். நந்தகோபால் (1946–2017) இதே வழியை வேறொரு திசையில் வளர்த்தார். செம்பு, பித்தளை முதலியவற்றைப் பற்றவைத்து, மேலே வண்ணப் பற்சாயமும் ஏற்றி, புராணக் கதைகளின் சாயல் கொண்ட உயரமான உருவங்களை அவர் படைத்தார். எஸ். ஜி. வாசுதேவ் ஓவியத்தோடு செப்புப் புடைப்புப் பலகைகளையும் செய்தார். அவருடைய ஓவியங்களில் திரும்பத் திரும்ப வரும் மரம் என்ற கருப்பொருள் செம்பிலும் இடம்பெற்றது. ஓவியத்தில் ஒரு கை, கைவினையில் ஒரு கை என்று இவர்கள் பிரித்துக்கொள்ளவில்லை.

இங்கே கவனிக்க வேண்டியது, ஜானகிராம் கவசத்தை அப்படியே நகல் எடுக்கவில்லை என்பது. அவர் எடுத்துக்கொண்டவை மூன்று: ஒரு பொருள், ஒரு செய்முறை, ஒரு பார்க்கும் முறை. உருவம் அவருடையது. மரபிலிருந்து ஊக்கம் பெறுவதற்கும் மரபை நகல் எடுப்பதற்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

சொற்களும் குறிகளும்: பார்த்ததற்குப் பதில் சொல்லுதல்

கலைப்படைப்புகளைப் பார்த்து அவற்றுக்குப் படைப்பின் வழியே பதில் சொல்லுவதும் ஒரு படைப்பூக்க வழி. பணிக்கரின் புகழ்பெற்ற ஓவியத் தொடரான 'சொற்களும் குறிகளும்' இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1963இல் அவர் இதனைத் தொடங்கினார்.

இத்தொடரின் ஓவியங்களில் எழுத்துகள் போன்ற கீறல்கள் வரிவரியாக நிரம்பியிருக்கும். முதலில் கணிதக் குறிகளும் எண்களும் இடம்பெற்றன. பின்னர் மலையாள எழுத்துகளை ஒத்த வரிவடிவங்களும், கட்டங்களும், சாதகக் குறிப்பை நினைவூட்டும் பட்டிகளும் வந்தன. படித்துப் பார்த்தால் பொருள் கிடைக்காது. ஆனால் ஓலைச்சுவடியையோ பஞ்சாங்கத்தையோ வீட்டில் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தப் பரப்பு மிகவும் பழக்கப்பட்டதாக இருக்கும்.

பணிக்கர் பார்த்தவை அருங்காட்சியகப் பொருட்கள் மட்டும் அல்ல. சாதகக் கட்டம், எந்திரத் தகடு, எழுத்து நிறைந்த ஏடு ஆகியவற்றை வரைந்தவர்கள் தங்களைக் கலைஞர்கள் என்று எண்ணியதில்லை. அவை பயன்பாட்டுக்காக எழுதப்பட்டவை. பணிக்கர் அவற்றின் பொருளை ஒதுக்கிவிட்டு, பரப்பு எப்படி நிரப்பப்பட்டிருக்கிறது, வரி எப்படி ஓடுகிறது, கட்டம் எப்படிக் கண்ணை நிறுத்துகிறது என்று பார்த்தார். பிறகு அதற்குத் தம் ஓவியத்தால் பதில் சொன்னார்.

இதே பழக்கத்தை மற்றவர்களிடமும் காணலாம். பின்னாளில் இக்கிராமத்தில் குடியேறிய ஜெ. சுல்தான் அலி பழங்குடிக் கலை வடிவங்களுக்குத் தம் ஓவியத்தால் பதில் சொன்னார். கே. வி. அரிதாசன் எந்திர வடிவங்களைத் தம் ஓவியத்தின் அடிப்படையாகக் கொண்டார். கே. ராமானுஜம் மைக்கோடுகளால் கோபுரங்களும் நாகங்களும் விநோத விலங்குகளும் நிறைந்த ஒரு கனவு நகரத்தையே எழுப்பினார். பேச்சிலும் உலக வழக்கிலும் சிரமப்பட்ட அந்த இளைஞருக்கு இக்கிராமம் புகலிடமாக இருந்தது. எனினும் 1973இல், இளம் வயதிலேயே அவர் மறைந்தார். கூட்டு வாழ்க்கையும் கைத்தொழிலும் எல்லாத் துயரத்துக்கும் மருந்தாகிவிடும் என்று எண்ணுவது சரியாகாது என்பதை அவர் வாழ்க்கை காட்டுகிறது.

எழும் கேள்விகள்

கைவினையைக் கலையின் துணையாகக் கொள்ளும் இந்த முறையை எதிர்த்துச் சில கேள்விகள் எழுவது இயல்பு.

ஒன்று, நேரம். நூறு துணிகளில் ஒரே வடிவத்தை இழுத்த கைக்கு மாலையில் புதிதாக வரைய வலு இருக்குமா? விற்பனைக்கான வேலையில் திரும்பச் செய்தல் தவிர்க்க முடியாதது. திரும்பச் செய்தல் கையைப் பழக்கும், ஆனால் மனத்தை மழுங்கவும் வைக்கும். வேலை நேரத்துக்கு எல்லை வகுத்ததே இதற்கு அவர்கள் கண்ட வழி. பின்னாளில் ஓவியங்களும் சிற்பங்களும் விலை போகத் தொடங்கியதும் பலர் கைவினையைக் குறைத்துக்கொண்டனர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மற்றொன்று, நேர்மை பற்றியது. கவசம் செய்யும் கம்மியரின் அறிவு ஓவியர் கைக்கு வந்ததும் 'கலை' என்ற பெயர் பெறுகிறது, விலையும் உயர்கிறது. கம்மியர் பெயரோ எங்கும் இல்லை. கலைஞர், கைவினைஞர் என்ற இந்தப் பிரிவு தமிழ் மரபில் பழையது அன்று. சிற்பி, தச்சர், கன்னார் ஆகியோர் செய்தது எல்லாம் ஒரு காலத்தில் வேலை என்றே அழைக்கப்பட்டது. பிரிவு வலுப்பட்டது ஆங்கிலேயர் காலக் கல்விமுறையில்தான். ஓவியர்கள் தாங்களே சுத்தியலைக் கையில் எடுத்தது அந்தச் சுவரில் ஒரு கதவைத் திறந்தது. சுவர் முழுவதும் இடிந்துவிடவில்லை.

பிற இடங்களில் இதே முயற்சி

இந்தியாவில் வேறு சில இடங்களிலும் இவ்வழி முயன்று பார்க்கப்பட்டது. சாந்திநிகேதனில் நந்தலால் போசு மாணவர்களை அல்பனா என்னும் தரைக்கோலத்தையும் நாட்டுப்புறப் பொருட்களையும் பார்க்கச் செய்தார். அங்கே பயின்ற கே. ஜி. சுப்பிரமணியன் (1924–2016) 1959 முதல் 1961 வரை அகில இந்தியக் கைத்தறி வாரியத்தில் வடிவமைப்புப் பொறுப்பில் இருந்தார். பின்னர் பரோடாவில் கற்பித்தபோது, கலைச் சந்தைக்காக மாணவர்களோடு சேர்ந்து மரத்தாலும் மணியாலும் பொம்மைகள் செய்தார். அவருடைய சுடுமண் புடைப்புச் சிற்பங்களில் இந்தக் கைவேலையின் சுவடு தெரிகிறது. ஆனால் இவையெல்லாம் கல்வி நிறுவனத்தின் நிழலில் நடந்தவை. கைவினை வருமானத்தில் கலைஞர்கள் தாங்களே நிலம் வாங்கி ஊர் அமைத்தது சோழமண்டலத்தின் தனிச்சிறப்பு.

இன்றைய நிலை

சென்னை நகரம் வளர்ந்து ஈஞ்சம்பாக்கத்தையும் கடந்துவிட்டது. ஒதுக்குப்புறமாக இருந்த மணற்பரப்பைச் சுற்றி இன்று கட்டடங்கள் நிறைந்துள்ளன. முதல் தலைமுறைக் கலைஞர்களில் பலர் மறைந்துவிட்டனர். 2009ஆம் ஆண்டில் இங்கே சமகாலக் கலை மையம் திறக்கப்பட்டது. சென்னைக் கலை இயக்கத்தின் படைப்புகளுக்கான அருங்காட்சியகமும் வாடகைக்கு விடப்படும் காட்சிக்கூடங்களும் அதில் உள்ளன. வெளியே மரங்களுக்கிடையில் சிற்பப் பூங்கா அமைந்துள்ளது. மேலே விளக்கிய தகட்டு வேலையையும் கோட்டோவியத்தையும் மாணவர்கள் நேரில் காண ஏற்ற இடம் இது.

மாணவர்களுக்கான சில பயிற்சிகள்

கலைப்படைப்பைப் பார்த்ததும் 'நன்றாக இருக்கிறது' என்று சொல்லிவிட்டு நகர்வது வழக்கம். அதைவிடப் பயனுள்ள வழி, அது எதனால் செய்யப்பட்டது, எதை முதலில் செய்திருப்பார்கள், எந்த இடத்தில் கை திணறியிருக்கும் என்று கேட்டுப் பார்ப்பது. இக்கேள்விகளுக்கு விடை காண, அதே வேலையைச் சிறு அளவில் செய்து பார்க்கலாம்.

மெழுகுக் கோடு: வெள்ளைத் தாளில் வெள்ளை மெழுகுவத்தியை அழுத்தி, ஒரு மரத்தையோ மீனையோ கையை எடுக்காமல் வரையலாம். கோடு கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. பிறகு நீர் கலந்த வண்ணத்தை மேலே பூசினால் கோடு வெள்ளையாக எழும். முதலில் ஒளியை முடிவு செய்வது என்றால் என்ன என்பது இதில் விளங்கும். உருகிய மெழுகைக் கொண்டு துணியில் செய்வதாக இருந்தால், சுடும் மெழுகும் தீயும் இருப்பதால் பெரியவர் ஒருவர் உடனிருப்பது கட்டாயம்.

தகட்டுப் புடைப்பு: கனமான அலுமினியத் தாளை மடித்த செய்தித்தாளின் மேல் வைத்து, மை தீர்ந்த பேனாவால் பின்புறம் அழுத்தி வரையலாம். திருப்பிப் பார்த்தால் உருவம் புடைத்து நிற்கும், இடவலம் மாறியும் இருக்கும். மிகுதியாக அழுத்தினால் தாள் கிழியும். கவசம் செய்பவரின் பொறுமை எத்தகையது என்பதை இந்தச் சிறு தாளே உணர்த்திவிடும்.

பொருளற்ற எழுத்து: பழைய கணக்கேடு, நாட்காட்டி, பேருந்துப் பயணச்சீட்டு போன்ற எழுத்து நிறைந்த ஒரு தாளை எடுத்துக்கொண்டு, அதைப் படிக்காமல் பார்க்க வேண்டும். எங்கே எழுத்து நெருக்கமாக இருக்கிறது, எங்கே வெற்றிடம் இருக்கிறது என்று கவனித்து, எந்தச் சொல்லையும் எழுதாமல் அந்த அமைப்பை மட்டும் வரையலாம். பணிக்கரின் ஓவியத்தை அதன்பின் பார்த்தால், அது புதிராகத் தோன்றாது.

ஒவ்வொரு பயிற்சிக்குப் பின்னும் நான்கைந்து வரி எழுதி வைப்பது நல்லது. நினைத்தது எது, பொருள் விடாமல் தடுத்தது எது, எதிர்பாராமல் கிடைத்தது எது என்று குறித்தால் போதும். அடுத்த படைப்புக்கான கரு பெரும்பாலும் அந்த மூன்றாவது வரியில் கிடைக்கும்.